படகுத் தண்டலும் வட்டித் தண்டலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையின் பேச்சு வழக்குச் சொற்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் ‘தண்டல்’ என்னும் சொல்லுக்குக் கட்டுரையாளர் தந்திருக்கும் விளக்கம் பாதிதான் சரி. நாள்தோறும் வாசலுக்கு வந்து பணம் வாங்கிச் செல்லும் கடன்முறைக்குத் தண்டல் என்று பெயர் என அவர் எழுதியதில் தவறில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ‘தண்டல் வீடு’ என்று ஊரார் சொல்லிவந்த பழைய வீடுகள் வட்டிக்கு விட்டவர்களின் வீடுகள் என்றும், தண்டையார்பேட்டை என்ற பெயரே அவர்களால் வந்திருக்கக்கூடும் என்றும் அவர் மேற்கொண்டு எழுதியிருப்பதுதான் பிழை. அப்படிப்பட்ட ஒரு தண்டல் வீட்டில் பிறந்து, அதே வீட்டில் இன்றும் குடியிருப்பவன் என்ற முறையிலும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற முறையிலும் இதைத் திருத்த வேண்டியது என் கடமை ஆகிறது.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் இந்தக் குழப்பம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சென்ற ஆண்டு என் மகன் வீட்டின் பேரில் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, அவர்களுடைய வழக்கறிஞர் எங்கள் மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். 1930-களில் எழுதப்பட்ட கிரயப் பத்திரம் அது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்புறம் மெல்லிய துணி ஒட்டி வைத்திருக்கிறோம். அதில் என் பாட்டனாரின் பெயருக்கு முன்னால், இன்று ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்வதைப் போல, ‘தண்டல்’ என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அந்த இளம் வழக்கறிஞர், “உங்க கொள்ளுத்தாத்தா பைனான்ஸ் பண்ணாரா சார்?” என்று என் மகனைக் கேட்டிருக்கிறார். அவரும் வடசென்னைக்காரர்தாம். இதைவிட வேதனை என்னவென்றால், என் மகனுக்கும் பதில் தெரியவில்லை.

என் பாட்டனார் யாருக்கும் வட்டிக்குக் கொடுத்தவர் அல்லர். வாங்கியதாகத்தான் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் துறைமுகத்தில் சரக்குப் படகு ஒன்றின் தண்டல். அவருடைய தந்தையோ மசூலாப் படகின் தண்டல். தண்டல் என்றால் படகின் தலைவர். படகும் அதில் உள்ள ஆட்களும் சரக்கும் அவர் பொறுப்பு. கூலியை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பதும் அவரே.

மசூலாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் இந்தச் சொல்லின் மதிப்பு விளங்காது. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1639-இல் கோட்டைக்கு இடம் பிடித்த கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்), அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களைக் கரைக்கு எட்டாத தொலைவில் நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, ஆட்களையும் சரக்கையும் படகுகளில்தான் கரைசேர்த்தார்கள். இந்தக் கரையின் அலை சாதாரணமான அலை அன்று. கரைக்கு இணையாக வரிசை வரிசையாக எழுந்து உடைவது. ஐரோப்பியப் படகுகள் அதில் சிக்கினால் பலகை பிளந்துவிடும். மசூலாவுக்கு அந்தக் கவலை இல்லை. அதில் ஆணியும் கிடையாது, உட்சட்டங்களும் கிடையாது. பலகைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது படகே ஒரு கூடையைப் போல வளைந்து கொடுக்கும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை தண்டு வலிப்பார்கள். பின்முனையில் நின்றபடி, நீண்ட துடுப்பொன்றைப் பிடித்துப் படகைத் திருப்புபவரே தண்டல்.

அவருடைய திறமையெல்லாம் காத்திருப்பதில் இருந்தது என்று பாட்டி சொல்வார். மாமனார் வாயால் கேட்டதை அவர் எனக்குச் சொன்னது இது: அலை உடையும் இடத்துக்கு வெளியே படகை நிறுத்திவிட்டு, தண்டல் கரையைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நிற்பார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போன பிறகு சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளியைக் கண்டதும் குரல் கொடுப்பார்; அத்தனை பேரும் ஒரே மூச்சில் வலிக்க வேண்டும். நொடி தப்பி, பின்னால் வரும் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் கவிழ வேண்டியதுதான். அதற்காகவே பக்கத்தில் கட்டுமரங்களும் கூட வருமாம், விழுந்தவர்களைப் பொறுக்கி எடுக்க. ‘பொறுக்கி எடுக்க’ என்பது பாட்டியின் சொல்லே. நெத்திலி காயவைத்தவர் அல்லவா!

எங்கள் வீட்டுப் பரணின் குறுக்கே ஒரு பழைய கழி கிடக்கிறது. பாட்டனாரின் தந்தை பிடித்த பின்துடுப்பின் காம்பு அது என்பார்கள். தட்டையான பலகை எப்போதோ போய்விட்டது, அதைக் கட்டியிருந்த கயிறு அழுத்திய தடம் மட்டும் ஒரு முனையில் வளையம் வளையமாக இருக்கிறது. என் தாயார் அதில் பாய் சுருட்டிச் செருகுவார்.

1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் போட்டார்கள். பிறகு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைப் பெருமளவுக்கு உடைத்துப் போட, மறுபடி கட்டினார்கள். கப்பல் அணைசுவருக்கு உள்ளே வந்து நின்ற பிறகு மசூலாவுக்கு வேலை குறைந்தது, சரக்குப் படகுகளுக்குச் சில காலம் வேலை இருந்தது, அதுவும் போயிற்று. படகு போன பிறகும் படகுத் தலைவரின் பெயர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. ராயபுரத்து ராயப்பர் கோயிலை எழுப்பிய படகோட்டிச் சமூகத்திலும், காசிமேட்டு மீனவர் குடும்பங்களிலும் இப்படிப் பெயர் பெற்ற வீடுகள் ஒன்றிரண்டு அல்ல.

இனி, சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். கட்டுரையாளர் ‘தண்டுதல்’ என்ற வினையிலிருந்து எல்லாவற்றையும் வருவித்துவிட்டார். தண்டுதல் என்றால் வசூலித்தல்; பழைய, நல்ல தமிழ்ச் சொல். வரி தண்டுதல் என்பது கல்வெட்டிலும் உண்டு. கிராமத்தில் தீர்வை வசூலுக்குத் துணை போனவருக்குத் தண்டல்காரர் என்று பெயர். கலெக்டர் என்பதைத் தண்டலர் என்று தமிழாக்கியவர்களும் உண்டு. இன்றைய வட்டித் தண்டல் இதன் நேர் வாரிசு. 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முதலிலேயே பிடித்து 8,500 ரூபாயைக் கையில் தந்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாலையும் இருசக்கர வண்டியில் வந்து, இட்லிக் கடைக்காரம்மாவின் சிறு அட்டையில் தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாரே, அந்தச் செயலுக்குத்தான் தண்டல் என்று பெயர். ஆடல், பாடல் போல இது தொழிற்பெயர். அதனால்தான் அதைச் செய்பவரைக் குறிக்க ‘காரர்’ சேர்த்துத் தண்டல்காரர் என்கிறோம்.

படகுத் தண்டலுக்குக் ‘காரர்’ வேண்டியதில்லை. அந்தச் சொல்லே ஆளைக் குறிப்பது. எங்கள் பத்திரத்தில் இருப்பதும் ‘தண்டல்’ மட்டுமே. பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் புரியும் இந்த வேறுபாட்டை வைத்தே இரண்டும் ஒலியால் ஒன்றுபட்ட இருவேறு சொற்கள் என்று கண்டுகொள்ளலாம்.

அப்படியானால் படகுத் தண்டல் எங்கிருந்து வந்தது? இதற்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன்–ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியின் 1903-ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் அடுத்தடுத்துக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, துடுப்பைக் குறிக்கும் ‘தண்டு’, இழுத்தலைக் குறிக்கும் ‘வலி’ ஆகிய இரண்டும் சேர்ந்து உருவானது என்பது. சென்னை மாகாண ஆட்சிக் கையேட்டின் சொற்றொகுதி இவ்வாறு பொருள் சொல்கிறது. மற்றொன்று, ஆட்களின் வரிசையை, கூட்டத்தைக் குறிக்கும் ‘டாண்டா’ என்ற வடசொல் வழக்கோடு தொடர்புடையது என்பது. தருமபுரிப் பக்கம் லம்பாடிகளின் குடியிருப்பைத் ‘தாண்டா’ என்கிறார்களே, அதே சொல்தான். வரிசையாகச் செல்லும் வணிகக் கூட்டம் என்பது அதன் பழம்பொருள்.

தமிழாசிரியனாகிய எனக்கு முதல் விடையின்மேல் ஆசை இருப்பது இயல்பு. ‘தண்டு வலித்தல்’ என்று நம் கரையில் சொல்கிறோம், மலையாளத்திலும் சொல்கிறார்கள். ஆயினும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. முதலாவதாக, தண்டல் தண்டு வலிப்பவர் அல்லர், வலிக்கச் சொல்பவர். வலிக்கும் பன்னிரண்டு பேரை விட்டுவிட்டு, வலிக்காத ஒருவருக்கு அந்தப் பெயரை ஏன் வைக்க வேண்டும்? இரண்டாவதாக, இந்தச் சொல் நம்மிடம் மட்டும் இல்லை. தூத்துக்குடித் தோணியில் தண்டல், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தண்டையல், ஆந்திரக் கரையில் தண்டேல். கொங்கணக் கரையிலும் டாமனிலும் தென் குஜராத்திலும் தண்டேல் என்பது கடலோடிக் குடும்பங்களின் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. ஸ்ரீகாகுளத்து மீனவர்கள் இன்றும் குஜராத்துக்குப் போய்ப் படகேறி, தங்கள் தலைவரைத் தண்டேல் என்று அழைக்கிறார்கள். மேற்கே போகப் போக நீளும் அந்த ஏகாரத்தைத் தமிழ்த் ‘தண்டு வலி’யிலிருந்து கொண்டுவர எனக்கு எந்த இலக்கண விதியும் கைகொடுக்கவில்லை. ‘தண்டேல்’ குறுகித் ‘தண்டல்’ ஆயிற்று என்பதற்கோ ஒரு விதியும் தேவையில்லை; அறிமுகமான சொல்லின் அச்சில் அறிமுகமில்லாத சொல்லை வார்த்துக்கொள்வது எந்தக் கரையிலும் நடப்பது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கும் வந்து, மதுரை சுல்தானின் விருந்தாளியாகவும் இருந்து சென்ற இபின் பதூதா, கீழைக் கடலில் ஒரு துறைமுகத்தில் இளவரசி ஒருத்தி தங்கள் கப்பலில் வந்தவர்களை விருந்துக்கு அழைத்ததைச் சொல்கிறார். அழைக்கப்பட்டவர்களின் வரிசையில் கப்பலுக்குரியவரான நாகுதா வருகிறார். கணக்கரான கராணி வருகிறார். அவர்களோடு ‘தண்டீல்’ என்பவரும் வருகிறார். அந்தச் சொல்லுக்கு ஆட்களின் தலைவர் என்று அவரே பொருளும் எழுதிவிடுகிறார். துடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. (அந்தக் கராணிதான் மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழரின் வாயில் ‘கிராணி’ ஆனவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.)

ஆகவே தண்டல் என்பது, அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் ஓடிய பல மொழி மாலுமிகளின் பொதுச் சொல் என்பதே என் முடிவு. தமிழன்பர்கள் சிலர் என்மேல் சினம் கொள்ளலாம். அவர்களுக்கு நான் சொல்வது, கப்பலில் மொழித்தூய்மை பார்த்தவர் எவரும் இல்லை என்பதே. சுக்கான் அரபி, மாலுமி என்பதும் ஆசானைக் குறிக்கும் அரபிச் சொல்லின் வழியாக வந்தது, கப்பலாட்களின் தலைவரைக் குறிக்கும் சரங்கு பாரசீகம். நமக்கு மீகாமன் என்ற பழஞ்சொல் இருந்தும் மாலுமியைத்தான் எடுத்துக்கொண்டோம். மாறாக, நம்முடைய கட்டுமரம் உலகத்து மொழிகளில் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம் வாங்கியதை ஒப்புக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. அதைக் கட்டுரையாளர் தவறவிட்டதில் எனக்கு வருத்தமே. ஆங்கிலேயர் தண்டல் என்பதைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப ‘டிண்டல்’ ஆக்கிக்கொண்டார்கள். கப்பலில் சரங்குக்கு அடுத்த நிலையில் உள்ளவர் டிண்டல். பீரங்கிக் கிடங்குகளில் லஸ்கர்கள் எனப்பட்ட பணியாட்களை மேய்த்தவரும் டிண்டல். பிற்காலத்தில் அரசுப் பணிகளில் கூலியாட்களின் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் டிண்டல். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இந்தச் சொல்லுக்கு விளக்கமே தந்தது: பாய்மரக் கலத்தைத் தம் பொறுப்பில் வைத்து நடத்துபவர் டிண்டல். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம், ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்தில், கரையோரத்துப் படகுத் தலைவருக்கு அவருடைய பழைய பெயரையே விட்டுவைத்தது என்பது எனக்கு நிறைவளிக்கும் செய்தி.

என் சிறிய தகப்பனார் துறைமுகத்தில் டிண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கும். மாலையில் காக்கிச் சட்டையுடன் அவர் வீடு திரும்பும்போது, தெருமுனையில் இருந்த பெட்டிக்கடைக்காரர், “தண்டல் வூட்டு டிண்டல் வந்துட்டாரு” என்று சிரிப்பார். வேடிக்கைக்காக இரு சொற்களைச் சேர்த்துச் சொல்வதாகத்தான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். தந்தையும் மகனும் ஒரே பதவிப் பெயரைத்தான் சுமந்திருக்கிறார்கள், ஒன்றின் முதலெழுத்து மட்டும் சீமைக்குப் போய் வந்திருக்கிறது என்பது நான் ஓய்வு பெற்று அகராதிகளைப் புரட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்போது சித்தப்பா இல்லை.

தண்டையார்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குத் தண்டலும் காரணம் அன்று, வட்டியும் காரணம் அன்று, காலில் அணியும் தண்டையும் காரணம் அன்று. இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, இங்கே வந்து தங்கி, இங்கேயே அடக்கமான குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்தார்கள். அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை. அது வாய்க்கு வாய் மாறித் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பதே இங்கே வழங்கிவரும் விளக்கம். ஆங்கில எழுத்தில் இன்றைக்கும் அந்த ஒகரச் சாயல் இருப்பதைப் பேருந்துப் பலகையிலேயே காணலாம். கட்டுரையாளர் தொண்டியாரை விட்டுவிட்டுத் தண்டலைப் பிடித்துக்கொண்டது, ஒலி ஒத்தால் போதும் என்று எண்ணியதால் நேர்ந்தது.

எனவே தாங்கள் அந்தத் தொடரை நூலாக வெளியிடும் எண்ணம் இருந்தால், ‘தண்டல்’ என்ற தலைப்பின்கீழ் வசூலுக்கு ஒரு பதிவும் படகுத் தலைவருக்கு ஒரு பதிவும் எனத் தனித்தனியே இரண்டு அமைக்குமாறும், ‘டிண்டல்’ என்பதை இரண்டாவதோடு சேர்க்குமாறும், தண்டையார்பேட்டையை இரண்டிலிருந்தும் நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவரை இன்று ‘டிரைவர்’ என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆகவே களத்துக்குப் போய் இளைஞர்களிடம் கேட்டால் வட்டித் தண்டல் ஒன்றுதான் கிடைக்கும். வலை பின்னிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைக் கட்டுரையாளர் கேட்டால் நல்லது.

வங்கி வழக்கறிஞரின் ஐயத்தைப் போக்க, “மேற்படி பத்திரத்தில் கண்டுள்ள தண்டல் என்பது படகுத் தலைவரைக் குறிக்கும் பதவிப் பெயராகும்” என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு, கடனையும் கொடுத்தார்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றைப் பழைய பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன், என் பேரன் காலத்தில் யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ராயபுரம், சென்னை – 13.